பதினாலாவது படிவம்

சுன்னாகத்துக்கு அண்மையில் உள்ள ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் சீவரத்தினம் வாசற்காவலர். மாணவர்களிடம் ஏதாவது மாற்றம் கண்டால் நலன்புரி அலுவலர் ஷாமினிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஊழியர்களுக்கு ஒருநாள் வகுப்பு வைத்து, ஆளுக்கொரு படிவக் கட்டும் கொடுத்தார்கள். மற்றவர்கள் அதை மேசைக்குள் வைத்துப் பூட்டினார்கள். சீவரத்தினம் ஒரே கிழமையில் பதின்மூன்று எழுதினார்.

‘முழங்காலில் கால்சட்டை கிழிந்திருக்கிறது, வீட்டில் கஷ்டம் போலும்.’ ‘தனக்குத் தானே கதைத்துச் சிரிக்கிறான்.’ ஷாமினி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்துக் களைத்துப்போனாள்.

“அண்ணை, அது காசு குடுத்து வாங்கின கிழிசல். மற்றவன் காதுக்குள்ளை இயர்ஃபோன் கொழுவிக்கொண்டு ஃபோன் கதைக்கிறான். எழுத முதல் கொஞ்சம் யோசியுங்கோ.”

கன்ரீனில் இதைக் கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மனுசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இனிப் பிள்ளைகள் தலைகீழாக நடந்தாலும் எழுதுவதில்லை என்று பேனையை மூடினார்.

அவருடைய ஓயாத தலையிடி மூன்றாம் வருட மாணவி நிவேதனா. மாமர நிழல் விரிவுரையாளர்களின் வாகனங்களுக்கு என்று பலகை தொங்குகிறது. அவள் சைக்கிளை நிறுத்துவது அந்தப் பலகைக்குக் கீழே.

“பிள்ளை, உது உனக்கில்லை எண்டு எத்தினை தரம் சொல்லுறது?”

“வெயிலிலை நிண்ட சைக்கிள் சீற்றிலை ஒருக்கால் இருந்து பாருங்கோ ஐயா, பிறகு சொல்லுங்கோ.”

இரண்டு வருடமாக இதுதான் காலைப் பூசை.

ஒரு திங்கட்கிழமை அவள் வந்தாள், சைக்கிளை வெயிலில் விட்டாள், போனாள். வென்றுவிட்டேன் என்று சீவரத்தினம் தேத்தண்ணி குடித்தார். செவ்வாயும் அப்படியே. தேத்தண்ணி இறங்கவில்லை. புதன்கிழமை அவரே வழிமறித்தார்.

“பிள்ளை, இண்டைக்கு நிழலிலை விடு.”

“பரவாயில்லை ஐயா.”

அவர் பயந்துபோனார். திரும்பவும் சிரிப்பார்களே என்ற வெட்கம் ஒரு பக்கம். எழுதாமல் விட்டு அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பேனையைத் திறந்தார். ‘மூன்று நாளாக என்னோடு சண்டை பிடிக்கவில்லை.’ பத்து வருடத்தில் முதன்முறையாக வாசலை விட்டுவிட்டுப் போய், படிவத்தை ஷாமினியின் கையிலேயே கொடுத்தார்.

“சண்டை பிடிக்காததும் ஒரு குறையோ அண்ணை?” அவள் சிரிக்கத் தொடங்கினாள்.

“ஒருநாளும் விட்டுத்தராத பிள்ளை, மிஸ்.”

சிரிப்பு நின்றது. அன்று மத்தியானமே நிவேதனாவை அழைத்தாள். இரண்டு மணித்தியாலம் அந்த அறைக் கதவு திறக்கவில்லை.

என்ன விசயம் என்று தெரியாமல் சீவரத்தினத்துக்கு மண்டை வெடித்தது. ஷாமினியை வாசலில் பிடித்தார்.

“அது சொல்லேலாது அண்ணை.”

“விசயம் வேண்டாம். பிள்ளை சாப்பிடுறாளோ?”

“இப்ப சாப்பிடுறாள். நீங்கள் எழுதாட்டி எனக்குத் தெரிஞ்சே இராது.”

மூன்று கிழமை கழித்து, நிவேதனா சைக்கிளைக் கொண்டுவந்து மாமர நிழலில் அதிபரின் கார் நிற்கும் இடத்தின் நட்டநடுவில் நிறுத்தினாள்.

“பிள்ளை! அது அதிபற்றை இடம்!”

“அவர் ஏசி காரிலை வாறவர்தானே. அவருக்கு என்னத்துக்கு நிழல்?”

சீவரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்து, மூன்று கிழமைப் பாக்கிக்கும் சேர்த்துச் சண்டை பிடித்தார். வாசலில் அதிபரின் கார் வந்து ஹோர்ன் அடித்தது. சீவரத்தினம் திரும்பாமலே கையைக் காட்டினார்.

“கொஞ்சம் பொறுங்கோ சேர். இது இன்னும் முடியேல்லை.”