அம்மா தேர்ந்த இடம்

சிறுமலையில் கூடாரம் போட இடம் தேடி, நானும் என் மனைவியும் ஓடையோரமாக நடந்துகொண்டிருந்தோம். காலில் மிதிபட்ட நொச்சித்தழையின் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு அம்மாவின் நினைவு வந்துவிட்டது.

அப்போது எனக்கு எட்டு வயது. தச்சு வேலை பார்த்த அப்பா, காட்டில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கலாம் என்று தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு எங்களை இதே மலைக்குக் கூட்டி வந்தார். எங்கள் ஊரான நெற்குப்பையில் பெரியப்பாக்களோடு கூட்டுக்குடித்தனம். அங்கே அம்மா எந்த மூலையில் பாய் விரிப்பது என்பதைக்கூட மற்றவர்கள்தான் சொல்வார்கள்.

"எங்குட்டுத் தங்கலாம்? நீயே சொல்லு" என்றார் அப்பா.

"என்னையவா கேக்குறீக?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். ஓடை மணல் வேண்டாம், மழை பெய்தால் தண்ணீர் வந்துவிடும் என்றாள். பட்ட கிளைக்கு அடியிலும் வேண்டாம் என்றாள். கடைசியில் ஒரு மேடு பிடித்துப்போய், நொச்சிக் கொப்பை ஒடித்துத் தரையைப் பெருக்கினாள். பிறகு காலை நீட்டி உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அப்பாவும் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுவருடம் நாச்சியாபுரத்தில் எங்களுக்கென்று சின்னதாக ஒரு வீடு கட்டினோம். அடுப்படி எங்கே, சன்னல் எங்கே என்று கொத்தனார் கேட்டபோதெல்லாம் அப்பா ஒன்றையே சொன்னார்.

"அவளைக் கேளுங்க."