வழி சொல்ல மறுத்த கணிப்பொறி

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். அருப்புக்கோட்டையில் பருத்தி கமிஷன் கடை நடத்தித்தான் அத்தனை பேரையும் ஆளாக்கினேன். எங்கள் தொழிலில் சரக்கு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். எம்.ரெட்டியபட்டிப் பருத்தியை ஏற்றி வரும் வண்டிக்காரனை வழியில் யாராவது கேட்டால், "சும்மா இந்தப் பக்கந்தேன்" என்பான். உள்ளதைச் சொன்னால் மறுநாளே அந்தப் பருத்திக் காட்டில் வேறொரு கமிஷன்காரர் நிற்பார்.

நாலு பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். கடைசி மகன் மட்டும் தொண்ணூறுகளின் கடைசியில் சென்னை வேலையை விட்டு வந்து, கடையின் முன்னறையில் கணிப்பொறிகளை வைத்தான். மதுரைக் கம்பெனி ஒன்றிடம் இன்டர்நெட் வாங்கி, இங்குள்ள மில்லுகளுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. தை பிறப்பதற்குள் லைன் ஓடாவிட்டால் சென்னைக்கே திரும்ப வேண்டும். பழைய முதலாளி அதுவரைதான் அவன் இடத்தைக் காலியாக வைத்திருப்பார். இந்த ஒருவனாவது என்னோடு இருக்கட்டும் என்று கிடந்தேன்.

இன்டர்நெட்டுக்கு வழி காட்டும் ரூட்டர் என்ற பெட்டியைத் தனியாக விலைக்கு வாங்காமல், பழைய கணிப்பொறி ஒன்றிலேயே அதற்கான புரோகிராமைப் போட்டான். அது என்ன செய்யும் என்று கேட்டேன்.

"எங்ககிட்ட வர இதான் வழின்னு நம்ம மிஷினு மதுர மிஷினுக்குச் சொல்லும்மா. அது உலகத்துல எல்லா எடத்துக்கும் வழி சொல்லும்."

"நம்ம ஒண்ணுக்கு உலகத்தையே குடுக்கானா? எதுக்குடா அம்புட்டுத் தாராளம்? நீ வாங்கிக்க. வாயத் தொறக்காத."

சிரித்தான். ஆனாலும் கமிஷன் கடையில் வளர்ந்தவன் அல்லவா? "மொதல்ல அவுகளத வாங்கிப் பாப்போம், நம்மளத அப்புறம் சொல்லிக்கலாம்" என்று, எங்கள் வழி எதுவும் வெளியே போகாதபடி புரோகிராமில் அடைத்து எழுதிவிட்டான்.

லைன் சேர்ந்துவிட்டது என்று திரை காட்டியது. உலகத்து வழியெல்லாம் வந்து இறங்கியது. ஆனால் இன்டர்நெட்டில் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. "மதுரைக்காரன் வேலையக் காட்டுறான்" என்றேன். மகனும் போனில் அந்த மதுரைக் கம்பெனிக்காரரைப் பிடித்துச் சத்தம் போட்டான். ஒரு வாரமாகியும் ஒன்றும் ஆகவில்லை. பரணிலிருந்து சூட்கேஸை இறக்கித் தூசி தட்டினான்.

அந்த மதுரைக்காரர் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். மோர் கொடுத்தேன். கண்ணை மட்டும் அவர் கையை விட்டு எடுக்கவில்லை. திரையில் இரண்டு வரி தட்டிப் பார்த்தவர் சிரித்தார்.

"தம்பி, நீங்க அனுப்புறது எல்லாம் வந்து சேருது. பதில எந்த வழியா அனுப்புறது? நீங்க இருக்க எடத்தையே சொல்லலையே!"

"எடத்தக் கேக்குறவன் எல்லாம் விருந்துக்கா வாரான்?" என்றேன்.

"ஆத்தா, ஒங்க வாசலத்தான் கேக்குறேன். உள்ள என்ன இருக்குன்னு கேக்கல."

மகன் என் முகத்தைப் பார்த்தான். அந்த சூட்கேஸ் என் காலடியில்தான் கிடந்தது.

"வாசல மட்டும் சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்த போகக் கூடாது."

இன்டர்நெட்டில் எங்களுக்கென்று ஒதுக்கிய விலாச எண்களை மட்டும் சொல்லும்படி திருத்தினான். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு படம் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. அன்றைக்கே சென்னைக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டான். மதுரைக்காரர் பஸ் ஏறிய பிறகு, வேறெதையும் கேட்டு வாங்கிக்கொண்டாரா என்று மகனிடம் இரண்டு தரம் கேட்டேன். இல்லை என்றான். கேட்டிருந்தாலும் இவன் அப்படித்தான் சொல்வான்.

எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு பார்க்கவும்தான் எழுத்து தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அவன் மகள். நான் நாலு வார்த்தை சொன்னால் இவள் பேனா பத்து வார்த்தைக்கு ஓடுகிறது.

"ஏத்தா, நான் சொன்னதத்தான எழுதியிருக்க? எங்க, மொதல்லருந்து வாசி."