அப்பா பெயர் எழுதாத விண்ணப்பம்

போன வாரம் சிறுசேரி ஆபீசில், எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த பெண் தான் எழுதிய புரோகிராமைக் காட்டினாள். "ஃபங்ஷனுக்கு நல் வந்தா அப்படியே ரிட்டர்ன் பண்ணிடறேன் சார். கிராஷே ஆகாது." ஃபங்ஷன் என்றால் புரோகிராமுக்குள் ஒரு வேலையை மட்டும் செய்யும் துண்டு; நல் என்றால் ஒன்றுமில்லாத காலி. எனக்கோ பிரிண்டர் ரிப்பன் மை வாசனை வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். புரோகிராமர் நான் ஒருவன்தான். ஏசி கம்ப்யூட்டருக்காகப் போட்டது, எனக்காக இல்லை. படப்பைப் பக்கம் ஒரு கம்பெனி, பெண்களை வேலைக்கு எடுக்க எழுத்துத் தேர்வு வைத்தது. ஹால் டிக்கெட் அச்சடித்துத் தருவது எங்கள் வேலை. பெயரையும் அப்பா பெயரையும் கொடுத்தால், இனிஷியல் சேர்த்து டிக்கெட் அடிக்க ஒரு ஃபங்ஷன் எழுதியிருந்தேன். அப்பா பெயர் இல்லாமல் ஒரு விண்ணப்பம் வரும் என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை. பாதி அச்சில் எல்லாம் நின்றது.

"இன்னாப்பா, டிக்கெட் எடுக்க சாயங்காலம் கம்பெனி வண்டி வந்துடும்பா" என்று ஓனர் பக்கத்திலேயே நின்றார். ஒரு வரி சேர்த்தேன்: காலியாக வந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடு. பிரிண்டர் ஓடியது. ஓனர் பஜ்ஜி வாங்கித் தந்தார். என்னை நானே மெச்சிக்கொண்டு தின்றேன்.

தேர்வு முடிந்த மறுநாள், கம்பெனியில் எங்களைக் கைகாட்டியதால் மாடம்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார்.

"எல்லாருக்கும் கார்டு வந்துச்சு. எம் பொண்ணுக்கு மட்டும் வர்ல சார்."

விண்ணப்பத்தைத் தேடி எடுத்தேன். "அப்பா பேரு ஏம்மா எழுதல?"

"வுட்டுட்டு பூட்டான் சார். அவன் பேரு இன்னாத்துக்கு?"

மகள் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தபால்ல எங்கியோ மிஸ் ஆயிருக்கும்மா" என்றேன். வாய் கூசவில்லை.

"மறுக்கா வெப்பாங்களா சார்?"

தெரியாது என்றேன். வைக்கவில்லை. இருவரும் படியிறங்கிப் போனார்கள். குற்ற உணர்ச்சி வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். நெஞ்சில் அந்த இடம் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது.

புதுப் பெண்ணிடம், "ரிட்டர்ன் பண்றதுக்கு முன்னாடி, யார விட்டுட்டோம்னு எழுதி வெச்சிடும்மா" என்றேன்.

"அவ்ளோதானே சார்" என்று சிரித்தாள்.

அவ்வளவுதான். அந்த மாடியில் இப்போது பல் ஆஸ்பத்திரி. ரிப்பன் பிரிண்டரும், ஓரமெல்லாம் ஓட்டை போட்ட காகிதமும் போன இடம் தெரியவில்லை. அந்த விண்ணப்பத்தின் குண்டு குண்டான கையெழுத்து ஞாபகம் இருக்கிறது. ஒரு வாரமாக யோசிக்கிறேன், அவள் பெயர் மட்டும் வரவில்லை.