தேயிலைக்கு ஆகாத ஸ்ட்ராபெரி சென்ட்

பிரிஞ்சாங் ஊர் பாசார் மாலாமில், இரவுச் சந்தையில், வாங்கிய சென்ட். ஸ்ட்ராபெரி மிட்டாய் வாசனை, பொம்மை மாதிரி பாட்டில்.

வாரம் முழுக்க ஓவர்டைம், உடம்பு அலுத்துக் கிடந்தது. கொஞ்சம் குஷியாக இருக்கட்டுமே என்று காலையில் அதை அடித்துக்கொண்டு தேயிலை பேக்டரிக்குப் போய்விட்டேன்.

தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். தூள் சலிக்கிற அறைக்குள் முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. இத்தனை வருஷம் அங்கே வேலை செய்கிற எனக்கே அது மறந்துவிட்டது.

வாசலிலேயே சூப்பர்வைசர் அக்கா மூக்கைச் சுளித்தார்.

"யாரு மிட்டாய்க் கடையத் தூக்கிட்டு வந்தது?"

"நான்தான்க்கா. கழுவிட்டு வந்துடுறேன் லா."

"கழுவுனா போவாது. இன்னிக்கு வெளிய போயி புல்லு வெட்டு."

சாயங்காலம் வரை மழையிலும் சேற்றிலும் புல் வெட்டினேன். இடுப்பு விட்டுப்போனது.

திரும்பும்போது லோரியில் பக்கத்தில் உட்கார்ந்த சாந்தி, நாளெல்லாம் கொழுந்து பறித்தவள், என் தோளில் சாய்ந்து மோந்து பார்த்தாள்.

"அடியே, இன்னும் மணக்குதுடி. ஆடாம இரு, கொஞ்சம் தூங்கிக்கிறேன்."

எங்கள் லயன் வீடுகள் வரும்வரை நான் ஆடவில்லை.

நாளைக்கு லீவு. காலையில் எழுந்து, நன்றாக அடித்துக்கொண்டு, மறுபடியும் படுத்துத் தூங்கப் போகிறேன். தூங்குவதற்கென்றே சென்ட் அடிக்கிறவள் நான் மட்டும்தானா?