புங்க மரத்தடியிலிருந்து தெரியும் சுவர்

சென்னையில் கல்லூரிக்குப் போக நான் இறங்கும் மெட்ரோ ஸ்டேஷனில், படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு பெரிய சுவரோவியம். கடல், கட்டுமரம், வலை இழுக்கும் ஆட்கள். அதன் கீழே நீளமான பெஞ்ச். சித்தாள் வேலைக்குப் போகிற அக்காவும் லேப்டாப் பை வைத்தவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருப்பார்கள். நீ யார், எந்தத் தெரு என்று ஒரு கேள்வி கிடையாது. கட்டடக்கலை படிக்கிறேன் இல்லையா, உடனே முடிவு கட்டிவிட்டேன்: ஓவியம்தான் இவர்களைச் சேர்த்து உட்கார வைக்கிறது!

எங்கள் கிராமம் உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். அங்கே சாலைக்கு ஒரு பக்கம் நிழற்குடை, எதிர்ப்பக்கம் புங்க மரம். ஊர்க்காரர்கள் நிழற்குடையில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். காலனிக்காரர்கள், அதாவது நாங்கள், மரத்தடியில் நிற்போம். பஸ் வந்ததும் சாலையைக் கடந்து ஓடுவோம். உள்ளே வராதே என்று என் காலத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற என் அம்மாவுக்கு முட்டி வலி. ஆனாலும் நின்றுகொண்டேதான் இருப்பாள். அவளை அந்த நிழற்குடை பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

செமஸ்டர் லீவில் பஞ்சாயத்தில் பேசி அனுமதி வாங்கி, நிழற்குடையின் பின்சுவர் முழுக்க எங்கள் ஏரியை வரைந்தேன். ஏரி நிரம்பி, உபரி நீர் போகும் கலங்கலில் தண்ணீர் வழிகிறது, ஆள் உயரத்துக்கு நாரைகள் நிற்கின்றன.

மறுநாள் காலை மரத்தடியில் ஒரே பாராட்டு.

"இன்னாமா வரைஞ்சிகீது பாரு உன் பொண்ணு!" என்று அம்மாவிடம் சொன்னார் அத்தை.

"உள்ள போய்ப் பாருங்க அத்தை," என்றேன்.

"இன்னாத்துக்கு? இங்கருந்தே பளிச்னு தெரியுதே."

தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்றுதானே அவ்வளவு பெரிதாக வரைந்தேன்! அதைப் பார்க்க மரத்தடியைவிட நல்ல இடம் இல்லை. இனி யாரும் சாலையைக் கடக்கவே தேவையில்லை.

அன்று முழுக்க அதே யோசனை. ஸ்டேஷனில் அந்த அக்கா உட்கார்ந்தது கால் வலிக்காக. படத்தை அவர் நிமிர்ந்து பார்த்ததாகக்கூட ஞாபகம் இல்லை. அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதற்கு நாரை என்ன செய்யும்?

பிறகு பக்கச்சுவரின் உள்புறத்தில், பெஞ்சில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வருகிற உயரத்தில், புங்க மரத்தடியைக் குட்டியாக வரைந்தேன். ஒவ்வொரு ஆளும் விரல் நீளம். ஒயர் கூடையோடு அத்தை. ஸ்பீக்கரில் போட்டு, போனை வாய்க்கு நேராகப் பிடித்துக் கத்தும் சித்தி. தூக்குச்சட்டி மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருக்கும் அம்மா. சாலையிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

"உங்களையெல்லாம் உள்ள வரைஞ்சிருக்கேன்," என்று மட்டும் சொன்னேன்.

அத்தைதான் முதலில் கடந்தார். "அடிப்பாவி, என் கொண்டைய பாரேன்!" என்ற சத்தம் கேட்டு மற்றவர்களும் போனார்கள். கடைசியாக அம்மா, முந்தானையைச் சரிசெய்தபடி. பெஞ்சில் ஏற்கெனவே ஊர்ப்பக்கத்து அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கழனியில்தான் அம்மா வேலை செய்கிறாள். அவரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"எல்லாரும் கீறீங்க. நான் எங்கடி?"

என்னைத்தான் கேட்டார். பதில் அம்மாவிடமிருந்து வந்தது, படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

"நீங்க மரத்தாண்ட வந்து நின்னாதானம்மா உங்களயும் போடும்."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பை இருந்த இடம் காலியானது.

அம்மா அந்த இடத்தைப் பார்த்தாள். சாலையைப் பார்த்தாள். பஸ் வரக் காணோம். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள். படம் இப்போது அவள் கண்ணுக்கு நேரே.

"நாரைக்குக் குடுத்த ஒசரத்த எனக்குக் குடுக்கல பாரு," என்றாள்.