சீற்றில் பிள்ளை இருந்ததா?

என் காரின் பின்பக்கத்தில், சின்னப் பிள்ளையை இருத்திக் கட்டுகிற சீற் ஒன்று ஒன்றரை வருடமாக இருந்தது. சீற் என்னுடையதில்லை. பிள்ளையும் என்னுடையதில்லை. கார் மட்டும்தான் என்னுடையது.

நோர்வேயின் ஒஸ்லோ நகரில், அம்மருட்டில் நாங்கள் இருக்கிற மாடிக் கட்டடத்தில் என் வீடு ஆறாம் மாடி, பிள்ளையின் வீடு நாலாம் மாடி. தாய் தமிழ்நாட்டுக்காரி, கம்ப்யூட்டர் வேலை. தகப்பன் பாதி நாள் வேலை என்று வேறு நாடுகளில் நிற்பார். லிஃப்டில் கண்டு, சிரித்து, பழகினோம். அவளுக்குக் காலையில் வேலைக்கு ஓட வேண்டும். நான் முப்பது வருடம் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்துவிட்டு ஓய்வில் இருக்கிறவள். பகலில் பிள்ளைகளைப் பார்க்கிற பார்னஹாகேக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதும், பின்னேரம் கூட்டி வருவதும் மெல்ல மெல்ல என் வேலையாகிவிட்டன. அதற்குப் பதிலாகத் தாய் தோசைமா கொண்டுவந்து தருவாள். புளிக்காத மா. நான் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை.

முதல் நாளே அவள் ஒன்று சொல்லியிருந்தாள்.

"ஆன்ட்டி, பாப்பாவ ஏத்திட்டா எங்கயும் நிக்காம நேரா வீட்டுக்கு வந்துடுங்க, ப்ளீஸ்."

அந்தச் சொல் எனக்கு இலேசாகச் சுட்டது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். நாற்பத்தெட்டு வயதில், கேள்விப் புத்தகத்தை மற்றவர்கள் வாசிக்கக் கேட்டே மனப்பாடம் செய்து, நொஸ்க், அதாவது நோர்வே மொழியில் சோதனை எழுதி லைசென்ஸ் எடுத்தவள். ஐஸ் வீதியில் காரைச் சறுக்கவிட்டுத் திருப்பிக் காட்டினேன். படிப்பித்தவன் கை தட்டினான். எனக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் "ஓம் பிள்ளை" என்றுதான் சொன்னேன்.

வியாழக்கிழமைகளில் எங்கள் தமிழ்க் கடைக்கு விமானத்தில் மரக்கறி வரும். பின்னேரம் நாலு மணிக்குப் போனால் முருங்கைக்காய், கறிவேப்பிலை, பச்சை மிளகாய் எல்லாம் வடிவாக இருக்கும். ஆறு மணிக்குப் போனால் காம்புதான் மிஞ்சும். ஒஸ்லோவில் இருக்கிற எங்கள் இலங்கைச் சனத்தில் பாதி அந்த நேரம் கடை வாசலில் நிற்கும். பார்னஹாகேயிலிருந்து வருகிற வழியில், ஒரு சின்னத் திருப்பத்தில் கடை. அந்த மாசிமாத வியாழக்கிழமை, பிள்ளையைச் சீற்றில் கட்டியபடியே நான் அந்தத் திருப்பத்தில் திரும்பினேன்.

இடம் பார்த்துக் காரை நிறுத்தவும், எதிர்ப்பக்கத்தில் நின்ற வெள்ளைக் கார் பின்னுக்கு வந்து என் பின்கதவில் இடிக்கவும் சரியாக இருந்தது. டம் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தேன். பிள்ளை கண்ணை விரித்துக்கொண்டு, "இன்னொரு தடவ!" என்றது.

இறங்கினேன். வெள்ளைக் காரிலிருந்து நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க எங்கள் ஆள் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு இறங்கினார்.

"ஐயோ அன்ரி, நான் காணேல்லை."

"இவ்வளவு பெரிய சிவப்புக் காரைக் காணேல்லையோ? என்ன தம்பி, வெண்டிக்காயைக் கண்ட உடனை கண் போயிட்டுதோ?"

"பிழைதான் அன்ரி. பிள்ளைக்கு ஒண்டும் இல்லையே?"

"அது சிரிக்குது. நீர் எந்த ஊர்?"

அதுதான் நான் விட்ட பிழை. விபத்து நடந்தால் இந்த நாட்டில் ஒரு படிவம் இருக்கிறது. இரண்டு பேரும் பெயர், கார் இலக்கம், எப்படி நடந்தது என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். என் காரின் முன்தட்டில் அந்தப் படிவம் ஒன்பது வருடமாகக் கிடந்தது. வெள்ளைக்காரன் இடித்திருந்தால் அடுத்த நிமிடமே அதை எடுத்து நீட்டியிருப்பேன். எங்கள் ஆள் என்றபடியால் ஊரைக் கேட்டேன். அவர் வடமராட்சி என்றார். வடமராட்சியில் எங்கே என்றேன். பேச்சு நீண்டு போய், எனக்குத் தெரிந்த ஒரு வாத்தியாரின் இளைய மருமகன் அவர் என்று வந்து நின்றது. வாத்தியாரின் மருமகனிடம் படிவத்தை எப்படி நீட்டுவது?

"விடும் தம்பி. சின்ன நெளிவுதானே," என்றேன்.

அவர் உள்ளே ஓடிப்போய் ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கி வந்து என் முன்சீற்றில் வைத்தார். அதை நான் பாதியாக்கி, அன்றிரவே நாலாம் மாடிக்கும் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலையில் தாய் நெளிவைக் கண்டுவிட்டாள்.

"என்னாச்சு ஆன்ட்டி?"

"நேற்று காலமை, பிள்ளையை விட்டிட்டு வரேக்கை ஒரு ஆள் பின்னாலை வந்து தட்டிப்போட்டார்."

இதை ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். வாயில் ஆயத்தமாக இருந்தது மாதிரி வந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, பிறகேன் அவளைப் பயப்படுத்துவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், நேராக வராமல் கடைக்குத் திரும்பினேன் என்று அவளிடம் சொல்ல என் நாக்கு வளையவில்லை.

அவள் சீற்றைத் தொட்டுப் பார்த்தாள். இடிபட்ட காரில் இருந்த பிள்ளைச் சீற்றைத் திரும்பப் பாவிக்கக் கூடாது, உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம், கார்க் காப்புறுதிக்காரரே புதிது தருவார்கள் என்றாள்.

எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. காப்புறுதிக்காரன் சும்மா தருவானா? நெளிந்த கதவைத் திருத்தவே நூறு கேள்வி கேட்கிறவன், நெளியாத சீற்றுக்குப் புதிது தருகிறானாம். இதில் என்னவோ இருக்கிறது. என் வயதைப் பார்த்து லைசென்ஸைப் பிடுங்குவதற்கு வழி தேடுகிறார்களோ என்றுகூட நினைத்தேன். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு என்பதே எனக்கு விளங்கவில்லை. தெரியாததை யார் கண்டது?

சனிக்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு ஒழுங்கு. எழுத்து வேலை அவளுடையது, கதைக்கிற வேலை என்னுடையது. படித்தவள்தான், ஆனால் கடையிலும் இங்கிலீஷ்தான் கதைப்பாள். நான் நிலம் துடைத்துக்கொண்டே நொஸ்க் பழகினவள். திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகுமுன் இருவரும் தொலைபேசியை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, காப்புறுதிக்கு எடுப்போம் என்று முடிவானது.

எடுத்தோம். உரையாடல் பதிவு செய்யப்படும் என்று முதலில் ஒரு இயந்திரம் சொன்னது. பார்த்தீர்களா, என்று நினைத்தேன். பிறகு ஒரு பெண் வந்தாள். குரல் தேன் மாதிரி. என் உடம்பு எப்படி, பயந்துவிட்டேனா என்று விசாரித்தாள். நாற்பது வருடத்தில் இந்த நாட்டில் என்னிடம் இப்படி இனிப்பாகக் கதைத்தவர்கள் எல்லாம் பின்னால் ஏதோ கேட்டவர்கள்தான்.

கேட்டாள். மற்றக் காரின் இலக்கம் என்ன?

தெரியாது.

ஓட்டியவரின் பெயர்?

தெரியாது. ஆனால் அவருடைய மாமனார் யார் என்று தெரியும் என்றேன். அதை அவள் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிறகு கேட்டாள்: "இடித்த நேரம் சீற்றில் பிள்ளை இருந்ததா?"

தாய்க்கு நொஸ்க் அரைகுறைதான். இந்தக் கேள்வி மட்டும் அவளுக்கு விளங்கியது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் மேசை விரிப்பைப் பார்த்தேன்.

"இல்லை," என்றேன்.

அப்படியென்றால் சீற்றைப் படம் எடுத்து அனுப்புங்கள், காலியாக இருந்த சீற், இடியும் சின்னது, பார்த்துத்தான் முடிவு சொல்லலாம், மற்றவரின் விவரமும் வேண்டும் என்றாள் அந்தப் பெண். பிள்ளை இருந்திருந்தால் கேள்வியில்லாமல் புதிது வாங்கச் சொல்லியிருப்பாளாம்.

தாய் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினாள். எழும்பும்போதுதான், "இந்த வாரம் எனக்கு வீட்லயே வேலை ஆன்ட்டி. பாப்பாவ நானே விட்டுக்கிறேன். நீங்க ரெஸ்ட் எடுங்க," என்றாள்.

ரெஸ்ட்! எனக்கு யார் ரெஸ்ட் கேட்டது?

அடுத்த நாள் காலையில் ஜன்னலில் நின்று பார்த்தேன். கரைந்த பனிச்சேற்றில் தாயும் பிள்ளையும் கை பிடித்துக்கொண்டு நடந்து போனார்கள். பிள்ளை மேலே என் ஜன்னலைப் பார்த்துக் கை காட்டியது. தாய் பார்க்கவில்லை. வீட்டில் வேலை என்றவள் தோளில் அலுவலகப் பை போட்டிருந்தாள். அதையும் பார்த்துக்கொண்டேன். என்னைச் சோதிக்கிறாளோ? பார்னஹாகேயில் யாரையும் விசாரித்துவிட்டாளோ? கடையில் யாரும் கண்டு சொன்னார்களோ? தமிழ்நாட்டு ஆட்கள் மனதில் இருப்பதை முகத்தில் காட்டமாட்டார்கள் என்று எனக்குள் திட்டினேன். நான் மட்டும் என்ன காட்டினேன் என்பது அப்போது நினைவில் வரவில்லை.

புதன்கிழமை சீற்றைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து விறாந்தை நடுவில் வைத்தேன். தட்டினேன். குலுக்கினேன். காதை வைத்துக் கேட்டேன். முதுகுப் பக்கத்தை அமுக்கினால் ஓரிடத்தில் டக் என்றது. முதலிலிருந்தே அப்படித்தானோ, இடித்த பிறகுதானோ, தெரியாது. பிறகு அதைத் திரும்பத் திரும்ப அமுக்கினேன். ஒருநேரம் டக் என்றது, ஒருநேரம் பேசாமல் இருந்தது. காப்புறுதிக்காரன் படத்தைப் பார்த்துவிட்டு, இது நல்ல சீற்தானே, பாவியுங்கள் என்று சொல்லிவிட்டால்? நான் சொன்ன ஒரு பொய்யால் இந்த டக்குக்குள் அந்தப் பிள்ளையை இருத்திக் கட்ட வேண்டும். அதுவரை ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டவள், அன்றைக்குத்தான் சீற்றைச் சந்தேகப்பட்டேன்.

அன்று பின்னேரம் வாத்தியாரின் மருமகனைத் தேடினேன். மோர்டென்ஸ்ருட்டில் இருக்கிற, என்னோடு வேலை செய்த ஒருத்திக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் தன் மச்சாளைக் கேட்டாள். மூன்றாவது அழைப்பில் ஆள் கிடைத்தார். ஒரு ஆளைக் கண்டுபிடிக்கக் காப்புறுதிக்காரருக்கு ஒரு கிழமையாகும். எங்களுக்கு முக்கால் மணித்தியாலம்.

"என்ன அன்ரி, பிள்ளைக்கு ஏதும்...?" என்றுதான் முதலில் கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை வாறன். எல்லாம் எழுதித் தாறன். பிழை என்ரதானே."

தொலைபேசியை வைத்த பிறகுதான் உறைத்தது. இந்த ஆள் வீட்டுக்கு வந்தால், தாயைக் கண்டதும் இதே கேள்வியைத்தான் கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க என்னால் முடியவில்லை. அவர் வாயால் வந்தால் நான் கள்ளி. என் வாயால் வந்தால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. லிஃப்ட் வருமட்டும் நிற்காமல் படியில் இறங்கி நாலாம் மாடிக் கதவைத் தட்டினேன். தாய் திறந்தாள். உள்ளே வரச் சொன்னாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"பிள்ளை, சீற்றிலை உம்முடைய பிள்ளை இருந்தது. காலமை இல்லை, பின்னேரம். கடையடியிலை."

அவள் கதவுப் பிடியை விடவில்லை.

"தெரியும் ஆன்ட்டி."

"எப்பிடித் தெரியும்?"

"அன்னிக்கே பாப்பா சொல்லிட்டா. கார் டம்முன்னுச்சு, மாமா காய் குடுத்தாருன்னு. நீங்க வேற முருங்கைக்காய் கொண்டாந்து குடுத்தீங்க."

"தெரிஞ்சுகொண்டோ கேட்டுக்கொண்டிருந்தனீர்?"

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். போன்ல அந்த லேடி கேட்டப்பகூட பாத்தேன்." அவள் உள்ளே பிள்ளை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். "கடைக்குப் போனீங்கன்னு கோபமில்ல ஆன்ட்டி. இடிச்சப்ப அவ உள்ள இருந்தாளா இல்லையான்னு உங்க வாயால எனக்குத் தெரியணுமா வேண்டாமா? அன்னிக்கு நைட்டு பூரா அவ கழுத்தத் தடவிப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

 எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. "நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு நான் எடுக்கிறன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினேன். ஆறாம் மாடி அன்றைக்குத் தூரமாக இருந்தது.

அடுத்த நாள் தனியாக எடுத்தேன். முதலில் சொன்னது பிழை, பிள்ளை சீற்றில் இருந்தது என்றேன். திட்டு விழும் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தேன். அங்கே விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அதே தேன் குரல், சொன்னதற்கு நன்றி, பிள்ளையை ஒருதடவை வைத்தியரிடம் காட்டுங்கள், அதே மாதிரிப் புதுச் சீற் ஒன்று வாங்கலாம் என்றது. இவ்வளவுதானா? இதற்காகவா நான் ஒரு கிழமை நித்திரை இல்லாமல் கிடந்தேன்? பழைய சீற்றை வேறு யாரும் பாவிக்காதபடி வார்களை வெட்டிப் படம் அனுப்பும்படி மட்டும் கேட்டாள். வைத்தியர் பிள்ளையைப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரின் மருமகன் என் வீட்டுக்கு வந்தார். தாயும் மேலே வந்திருந்தாள். ஒன்பது வருடப் படிவத்தை மேசையில் விரித்தோம். இரண்டு காரையும் படமாகக் கீறச் சொல்லி அதில் ஒரு பெட்டி இருந்தது.

"தம்பி, என்ர காரைக் கோணலாக் கீறியிருக்கிறீர். நான் கோணலா விட்டனான் எண்டு பிறகு சொல்லுறதுக்கோ?"

"ஐயோ அன்ரி, எனக்குச் சித்திரம் வராது."

"அழிச்சுப்போட்டு நேரா கீறும்."

தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தக் கிழமையில் அவள் சிரித்ததை அப்போதுதான் கண்டேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்து என் கையில் தந்தாள். கோழி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல். பழைய சீற்றின் வார்களை நான் வெட்ட, அவள் படம் எடுத்தாள். வார் தடிப்பு, இலேசில் அறவில்லை. வெட்டி முடியுமட்டும் அவள் பக்கத்திலேயே நின்றாள்.

புதுச் சீற் வந்து பூட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை. பிள்ளையைத் தூக்கி இருத்தி, கொக்கியை மாட்டினேன். டக் என்றது. வாரை ஒருதரம் இழுத்துப் பார்த்தேன். நான் விலகியதும் தாய் குனிந்து, அதே வாரைத் தானும் ஒருதரம் இழுத்துப் பார்த்தாள்.

முன்பென்றால் எனக்குச் சுட்டிருக்கும். அன்றைக்குக் காரை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் ஒருக்கால் இழுத்துப் பாரும்," என்றேன்.

அவள் இழுத்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.