நேந்திரங்குலையும் கோமதியின் ஆர்க்கிட்டும்

ஆர்க்கிட் விற்கிறவளுக்குப் பூ இருக்கிற வரைக்கும்தான் மரியாதை. பூ உதிர்ந்த மறுநாள் வாசலில் சண்டைக்கு ஆள் நிற்கும். எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில், சுக்கு மூட்டை அடுக்கிய ஒரு கிட்டங்கிக்குப் பின்னால், என் வாடகை வீட்டு முற்றத்தில் இந்த வியாபாரத்தை ஆரம்பித்தேன். வீட்டுக்குள் ஆர்க்கிட் வைத்து, பூ கொட்டினதும் வெறும் குச்சியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், வாங்க, நீங்க நம்ம கட்சி.

செத்துப் போச்சு

கோமதிக்கு அந்தச் செடியை வாங்கிக் கொடுத்தது அவள் புருஷன் மணி. கல்யாணமான சூட்டோடு துபாய்க்குக் கிளம்பினவன், போகிற வாரம் அவளையும் கூட்டிக்கொண்டு என் முற்றத்துக்கு வந்து, ஊதாப் பூங்கொத்தோடு ஒரு தொட்டியை எடுத்தான். "இது மறுபடி பூக்கறச்சே நான் லீவுல வந்து நிப்பேன்" என்று அவளிடம் ஒரு பேச்சுக்குச் சொன்னான். ஆம்பிளைங்களுக்கு என்ன, சொல்லிட்டுப் பிளேன் ஏறிடலாம்! இந்தப் பெண் அதையே பிடித்துக்கொண்டாள்.

பூ கொட்டினதும் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணைக் கசக்கியபடி வந்தாள். செத்த குச்சி ஆத்துல இருக்கப்படாது, தூக்கிப் போடு என்று மாமியார் பார்வதி மாமி சொல்லிவிட்டாராம். "செத்ததும் இல்லை, கித்ததும் இல்லை. தூங்குது. குச்சியை வெட்டித் தொலைச்சிடாதே, அடியிலேர்ந்து புதுசா முளைக்கும், அதுலதான் பூ வரும்" என்று கத்தினேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "தூங்கறதுன்னா எப்போ எழுந்துக்கும் அக்கா? அவருக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தானாக்கும் லீவு."

ஏலூர்க்காரர்

நடுவில் இவரையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. ஏலூரில் உரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஒருத்தர், என்னிடம் வாங்கின செடிக்குக் கை நிறைய உரத்தை அள்ளிப் போட்டு, வேரெல்லாம் கருகினதும் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். தண்ணீரில் ஒரு சிட்டிகை கரைத்து, எப்போதாவது தெளித்தால் போதும் என்றேன். மனுஷர் என்னையே குற்றவாளியாகப் பார்த்தார். "தென்னை மரம் நான் போடறதைத் தின்னுட்டுச் சும்மா நிக்குது, இதுக்கு மட்டும் என்ன கொழுப்பு?"

குளித்துவிட்டுத்தான் தண்ணீர்

கோமதியின் செடி முளைக்கவே இல்லை. நேரில் போய்ப் பார்த்தால், ஐயோ, பூஜை அறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது! தினமும் விடியற்காலையில் குளித்துவிட்டு வந்து, துளசிக்கு ஊற்றுவது போல ஒரு செம்பு தண்ணீர். அப்புறம் விளக்குப் புகை, சாம்பிராணிப் புகை. வேர் கொழகொழவென்று அழுகிக் கிடந்தது. இலையோ வெளிச்சம் காணாமல் கரும்பச்சையாகிவிட்டது.

அழுகின வேரை நறுக்கிவிட்டு, உடைந்த ஓடு, அடுப்புக்கரி, தேங்காய்த் தொண்டு போட்டு வேறு தொட்டியில் நட்டேன். கிழக்கு ஜன்னலில் வை, விரலை விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று, இலை இளம்பச்சைக்கு வரணும் என்று சொன்னேன். பார்வதி மாமிக்குப் பொறுக்கவில்லை. "பக்தியா ஊத்தினாலும் அழுகறதுன்னா, இது என்ன நாஸ்திகச் செடியா சரோஜா?"

கண் பட்டுவிட்டது

அடுத்த ஓணத்துக்கு முன்னால் கோமதி ஓடி வந்தாள், செருப்புகூட இல்லாமல். மொட்டு விட்டிருக்கிறது! எனக்கே கண் கலங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்துப் போனால் மொட்டெல்லாம் மஞ்சளாகித் தரையில் கிடக்கின்றன. கண் பட்டுவிட்டது என்று மாமி மிளகாய் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலுக்கு நேர் மேலே, உத்தரத்துக் கொக்கியில், ஓணத்துக்குப் பழுக்கட்டும் என்று கட்டித் தொங்கவிட்ட நேந்திரம் வாழைக்குலை. வீடு முழுக்கக் கமகமவென்று பழ வாசனை. பழுக்கிற பழம் விடுகிற ஆவி பட்டால் ஆர்க்கிட் மொட்டு நிற்காது. மாம்பழக் கூடையால் என் வீட்டிலேயே ஒரு தடவை இதே கதிதான். அதைச் சொன்னதும் மாமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "ஓணத்துக்குக் குலை தொங்காத ஆத்தை எங்கேயாவது பாத்திருக்கியோ? வேணும்னா உன் செடியைத் தொங்க விடு!"

காலிக் கொக்கி

மறு வருஷம் ஓணத்துக்கு லீவில் வருவதாக மணியிடமிருந்து கடிதம் வந்தது. செடியும் மொட்டு விட்டது. இந்தத் தடவை குலை கட்ட வேண்டாமே என்று கோமதி மாமியாரிடம் கேட்கவில்லை. பூக்கிற வரைக்கும் தொட்டியை என் முற்றத்தில் கொண்டுவந்து வைத்துக்கொள் என்று சொல்லத்தான் நான் போனேன். உத்தரத்துக் கொக்கி காலியாக இருந்தது. குலையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாராம் மாமி. நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "அவளும் ரெண்டு வருஷமா குச்சியைப் பாத்துண்டே உக்காந்திருக்காளே, பாவம்."

வந்துவிட்டான்

மணி வந்த அன்று எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, போய்விட்டேன். ஜன்னலில் ஊதாப் பூ அத்தனையும் மலர்ந்து நிற்கிறது. பக்கத்தில் கோமதி, புதுப்புடவையில், அவன் எப்போது பார்ப்பான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இந்த மகானுபாவன் பெட்டியை வைத்தான், நேராகக் கொக்கியை அண்ணாந்து பார்த்தான். "என்னம்மா, குலையைக் காணும்? இந்த ஓணத்துக்குப் பழ நுறுக்கு இல்லையா?" அவித்த நேந்திரம்பழத்துக்காகவே கடல் தாண்டி வந்தவன் போல ஒரு கேள்வி! கோமதியின் முகம் சுண்டிவிட்டது. மாமி அவன் தோளைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். "குலை அடுத்த ஓணத்துக்கும் வரும்டா மணி, மொதல்ல அந்த ஜன்னலைப் பாரு!"

பார்த்தான், அப்புறம் அவன் கண்ணைத் துடைத்ததை நானும் பார்த்தேன். தூங்குகிற ஆர்க்கிட்டை எழுப்பிப் பூக்க வைக்க எனக்குத் தெரியும், புருஷன்மார் கழுத்தைப் பூ இருக்கிற பக்கம் திருப்புவதற்குத்தான் ஒரு மாமியார் வேண்டியிருக்கிறது.